பழைய கார்களில் எரியூட்டல் இரைச்சல்

பெட்ரோல் இயந்திரத்தின் தீப்பொறி, காரின் வானொலியில் படபடவென்று கேட்பதே எரியூட்டல் இரைச்சல். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கப் படபடப்பும் விரைவுபடும். 1950, 60களின் பாயிண்ட் (காயிலின் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் தொடுமுனை) வைத்த கார்களில், அதிலும் மத்திய அலை வானொலியில், இது மிகுதி. எஃப்.எம்.மில் குறைவு.

1887-இல் ஹெர்ட்ஸ் ரேடியோ அலைகளை உண்டாக்கியதே தீப்பொறியைக் கொண்டுதான். ஆகவே ஒவ்வொரு பழைய காரும் ஒரு சிறு ஒலிபரப்பி எனலாம். பாயிண்ட் திறக்கும்போது காயிலில் எழும் பல ஆயிரம் வோல்ட், டிஸ்ட்ரிபியூட்டரின் ரோட்டார் முனையிலும் பிளக்கிலும் பொறியாகத் தாவுகிறது. செம்புக் கம்பியாலான பிளக் வயர்களே அதற்கு ஏரியல். பிரிட்டனின் 405 வரித் தொலைக்காட்சித் திரைகளில் தெருவில் போகும் கார்கள் வெள்ளைப் புள்ளிகளாகத் தெறித்தன. அங்கே இதைக் கட்டுப்படுத்த 1952-இல் விதிகள் வந்தன. மறு ஆண்டு அமெரிக்காவில் வந்த கார்வெட் என்ற காருக்கு ஃபைபர்கிளாஸ் உடல். அலைகளைத் தடுக்க உலோக பானெட் இல்லாததால் டிஸ்ட்ரிபியூட்டருக்கே உலோகக் கவசம் போட்டார்கள்.

பழுது நீக்குவதில் கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. வானொலியிலிருந்து ஏரியலைக் கழற்றினால் சத்தம் நிற்கிறதா? அப்படியானால் அது காற்றுவழி வருகிறது. கார்பன் இழை வயர்களோ, சுமார் 5 கிலோ ஓம் மின்தடை உள்ள பிளக்குகளோ போட வேண்டும். என்.ஜி.கே. பிளக்கில் பிபி6இஎஸ் என்பதற்குப் பதில் பிபிஆர்6இஎஸ். நடுவிலுள்ள 'ஆர்' மின்தடையைக் குறிக்கும். வயர், மூடி, பிளக் மூன்றிலும் மின்தடையை அடுக்குவது வீண், பொறிதான் மெலியும்.

ஏரியலைக் கழற்றியும் சத்தம் நிற்காவிட்டால் அது மின்சார வயர் வழியாக வருகிறது. காயிலில் சுவிட்சிலிருந்து வயர் வந்து சேரும் முனைக்கும் எர்த்துக்கும் இடையே 1 மைக்ரோஃபாரட் கண்டன்சர் வைப்பது வழக்கம். லூகாஸ் நிறுவனக் காயிலில் அந்த முனை 'எஸ்.டபிள்யூ.' தவறிப்போய் பாயிண்ட்டுக்குப் போகும் 'சி.பி.' முனையில் வைத்தால் பொறி கெட்டு வண்டி திணறும். படபடப்பாக இல்லாமல் ஊளையாகக் கேட்டால் குற்றவாளி டைனமோ. அதற்குக் கண்டன்சரைத் தடித்த 'டி' முனையில் வைக்க வேண்டும், 'எஃப்' முனையில் கூடாது.

இவற்றுக்கெல்லாம் முன்பே ஏரியலின் அடியைச் சுரண்டிப் பார்த்துவிடுவது நல்லது. பெயிண்ட்டும் துருவும் அங்கே எர்த்தைத் துண்டித்திருந்தால் புதுப் பிளக்கால் பயனில்லை. பானெட்டின் கீல்களும் அப்படியே; பின்னல் செம்புப் பட்டை ஒன்றால் பானெட்டை உடலோடு இணைத்தால்தான் அது கவசமாக வேலை செய்யும்.