கறுப்பு நிறத்தின் விலை

2008 ஆம் ஆண்டு கொழும்பில் ஒரு கடையில், பிளாஸ்மா, எல்.சி.டி. என்னும் இருவகைத் தொலைக்காட்சிப் பெட்டிகளின் முன்னால் நெடுநேரம் நின்றேன். இரண்டிலும் ஒரே படம். பூக்கள், கிளிகள், நீலக்கடல். எல்.சி.டி. பளீரென ஒளிர்ந்தது. பிளாஸ்மா சற்று மங்கலாக, கண்ணாடியில் கூரை விளக்குகளின் விம்பத்தோடு தெரிந்தது. பளீரென்றதையே வாங்கினேன். அன்றிரவு வீட்டில் விளக்கை அணைத்துவிட்டுப் பழைய கறுப்பு வெள்ளைத் திரைப்படமொன்றைப் பார்த்தபோதுதான் தவறு விளங்கியது. நள்ளிரவு வானம் சாம்பல் நிறமாக இருந்தது. பத்திரிகைத் தாளில் மை முழுக் கறுப்பாவதில்லை என்பதைத் தினமும் கண்டவன் நான். கடையில் அதைச் சோதிக்கத் தோன்றவில்லை.

அதே தெரிவை உலகெங்கும் பலர் செய்தனர். தொலைக்காட்சி வரலாற்றில் நல்ல படம் தோற்ற கதைகளுள் இதுவும் ஒன்று.

பிளாஸ்மாத் திரை 1964 இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. டொனால்ட் பிற்சர், ஜீன் ஸ்லொற்றோ, ஆய்வு மாணவரான ரொபேர்ட் வில்சன் ஆகியோர் அதைத் தொலைக்காட்சிக்கென ஆக்கவில்லை. பிளேட்டோ என்ற கணினிவழிக் கற்பித்தல் திட்டத்துக்கு ஒரு திரை தேவைப்பட்டது. செம்மஞ்சளாக ஒளிர்ந்த அத்திரை பல வண்ணம் பெற்று வீட்டுக்கு வர முப்பது ஆண்டுகளுக்கு மேலாயின. அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வது. அணைந்தால் ஏறக்குறைய இருள்தான். எல்.சி.டி. இலோ பின்னால் ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். திரவப் பளிங்குகள் கதவுபோல் அதை மறைக்கும். கதவு முழுமையாக மூடாது. நான் கண்ட சாம்பல் வானம் அந்தக் கசிவுதான்.

பயனியர் நிறுவனம் 2007 இல் தன் உயர்தரப் பிளாஸ்மாவுக்குக் 'குரோ' என்று பெயரிட்டது. யப்பானிய மொழியில் கறுப்பு என்பது பொருள். விமர்சகர்கள் கொண்டாடினார்கள்; விலையைக் கண்ட மக்கள் விலகினார்கள். 2009 பெப்ரவரியில் தொலைக்காட்சித் தொழிலிலிருந்தே வெளியேறுவதாகப் பயனியர் அறிவித்தது. பனசொனிக் 2013 இன் இறுதியில் உற்பத்தியை நிறுத்தியது. சம்சுங், எல்.ஜி. ஆகியவை 2014 இல் கைவிட்டன.

எல்.சி.டி. வென்றதற்கு நியாயமான காரணங்களும் உண்டு. மின்சாரம் குறைவு, பாரம் குறைவு, சிறிய அளவுகளிலும் கிடைக்கும். பிளாஸ்மாவில் அசையாது நிற்கும் அலைவரிசைச் சின்னம் தழும்பாகப் பதியும் என்ற அச்சமும் பொய்யன்று. ஆயினும் கடை வெளிச்சத்துக்கும் பெரும் பங்குண்டு என்பது என் எண்ணம். பெட்டியில் அச்சிட்டிருந்த ஒளிவேறுபாட்டு எண்களும் உதவவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கு வசதியாக அளந்தது.

ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓ.எல்.இ.டி. பெருந்திரை 2013 இல் சந்தைக்கு வந்தது. கறுப்பு மீண்டும் வந்தது, பெருவிலையோடு. என் எல்.சி.டி. பழுதாகிப் புதியது பார்க்கப் போனபோது, கடை இளைஞரிடம் அந்தப் பக்கத்து விளக்குகளைச் சற்று அணைக்க முடியுமா என்று கேட்டேன்.

"அணைத்தால் கடை பூட்டிவிட்டது என்று நினைப்பார்கள், ஐயா" என்றார்.