முழுதும் தீர்ந்துபோன லித்தியம் சோலார் பேட்டரி: மீட்கலாமா, விட்டுவிடலாமா?

உம்ராவுக்கோ, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கவோ வீட்டைப் பூட்டிவிட்டுச் சில வாரங்கள் போய்வருகிறோம். திரும்பி வந்தால் சோலார் இன்வெர்ட்டர் பேட்டரியே இல்லை என்று காட்டுகிறது. மல்டிமீட்டரில் 0 வோல்ட். பெரும் தொகை கொடுத்து வாங்கிய பேட்டரி வீணாகிவிட்டதோ என்று மனம் பதறும். பல நேரங்களில் அது கெட்டிருக்காது. ஆனால் அவசரப்பட்டு நேரடியாகச் சார்ஜ் ஏற்றினால் வீட்டுக்கே ஆபத்தாக முடியலாம்.

0 வோல்ட் காட்டுவது ஏன்?

வீட்டு சோலாரில் இப்போது அதிகம் பயன்படுவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி. 51.2 வோல்ட் பேட்டரியில் 3.2 வோல்ட் செல்கள் 16 இருக்கும். அவற்றைக் காப்பதற்கு உள்ளே பிஎம்எஸ் என்ற மின்னணுப் பலகை உண்டு. ஒரு செல் ஏறக்குறைய 2.5 வோல்ட்டுக்கு இறங்கியதும் பிஎம்எஸ் வெளி இணைப்பைத் துண்டித்துவிடும். அதனால்தான் 0 காட்டுகிறது. உள்ளே செல்களில் மின்சாரம் இன்னும் இருக்கலாம்.

வீட்டில் யாரும் இல்லாதபோது எப்படித் தீர்ந்தது? இன்வெர்ட்டர் சும்மா இருந்தாலே மின்சாரம் எடுக்கும். 50 வாட் எடுக்கும் இன்வெர்ட்டர் ஒரு நாளில் 1.2 யூனிட்டைத் தின்றுவிடும். 5 யூனிட் பேட்டரி நான்கைந்து நாளில் காலி. புறப்படும்போது மெயின் சுவிட்சை அணைத்து, பேனல் பிரேக்கரும் விழுந்திருந்தால் இதுதான் நடக்கும்.

மீட்கும் முறை

1. இன்வெர்ட்டரையும் பேனல் இணைப்பையும் அணையுங்கள். பேட்டரி பிரேக்கர் விழுந்துள்ளதா என்று பாருங்கள்.
2. பேட்டரி உப்பியிருந்தாலோ, வாடை வந்தாலோ, கசிந்திருந்தாலோ, நனைந்திருந்தாலோ தொடாதீர்கள்.
3. உத்தரவாதக் காலம் இருந்தால் முதலில் நிறுவனத்தை அழையுங்கள். நீங்களே பெட்டியைத் திறந்தால் உத்தரவாதம் போய்விடலாம்.
4. சில பேட்டரிகளில் ரீசெட் பொத்தான் இருக்கும். சில இன்வெர்ட்டர்களில் லித்தியம் பேட்டரியை எழுப்பும் வசதி உண்டு. கையேட்டில் சொன்னபடி அதை முயலுங்கள்.
5. எழவில்லை என்றால் பயிற்சி பெற்ற டெக்னீசியன் ஒவ்வொரு செல்லையும் அளக்க வேண்டும். எல்லாச் செல்களும் 2 வோல்ட்டுக்கு மேல் இருந்தால், அதற்குரிய லித்தியம் சார்ஜரில் மிகக் குறைந்த ஆம்பியரில் ஏற்றலாம். 100 ஆம்பியர் மணி பேட்டரிக்கு 5 ஆம்பியர் போதும். செல்கள் 3 வோல்ட்டைத் தொட்ட பிறகே வழக்கமான வேகம்.
6. ஏற்றும்போது ஆள் கூடவே இருக்க வேண்டும். ஒரு செல் சூடானாலும், மற்றவற்றோடு சேர்ந்து ஏறாமல் பின்தங்கினாலும் உடனே நிறுத்த வேண்டும்.

எப்போது விட்டுவிட வேண்டும்?

செல் 2 வோல்ட்டுக்கும் கீழே போய் நாட்கணக்கில் கிடந்தால், உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கலாம். மீண்டும் சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு படிந்து செல்லுக்குள்ளேயே ஷார்ட் உண்டாக்கலாம். அன்று நன்றாகத் தெரிந்தாலும் பின்னாளில் தீப்பிடிக்க வழியுண்டு. அத்தகைய செல்லை மாற்றுவதே சரி.

செய்யவே கூடாதவை

பிஎம்எஸ்ஸைத் தவிர்த்துச் செல்லுக்கு நேரடியாகச் சார்ஜ் கொடுப்பது, பேனல் வயரை நேராகப் பேட்டரியில் செருகுவது, முழுச் சார்ஜில் உள்ள வேறு பேட்டரியை இணைத்து எழுப்புவது, ஆசிட் பேட்டரி சார்ஜரின் ஈக்வலைஸ் முறையில் ஏற்றுவது ஆகிய நான்கும் ஆபத்தானவை. மோதிரம், வளையலுடன் பேட்டரி முனைகளைத் தொடவும் கூடாது. புகை வந்தால் எல்லோரும் வெளியேறி 101-ஐ அழையுங்கள்.

வராமல் தடுக்க

இன்வெர்ட்டரில் பேட்டரி 20 சதவீதத்தில் நிற்கும்படி அமையுங்கள். பயணம் புறப்படும் முன் பாதிக்குமேல் சார்ஜ் வைத்து, இன்வெர்ட்டரையும் பேட்டரி பிரேக்கரையும் அணையுங்கள். பயணம் நீண்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை உறவினர் யாரேனும் வந்து பார்க்கட்டும்.

பழுதான பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள்படி அதைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. மீட்ட பேட்டரியை விற்பதானால், அது ஒருமுறை முழுதும் தீர்ந்தது என்பதை வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள். குறையை மறைத்து விற்பது மார்க்கம் தடுத்த செயல். இதில் மறைப்பது இன்னொரு குடும்பத்தின் உயிரோடு விளையாடுவதும் ஆகும். அல்லாஹ் நம் வீடுகளைப் பாதுகாப்பானாக.