வெளுப்புக் கிறீமும் வடுவும்

முகம் வெளுக்கப் பூசி வடுவோடு வருந்துபவரை, ஆசைக்குக் கிடைத்த கூலி என்று ஒதுக்குவது எளிது. வரலாறு வேறு கணக்குச் சொல்கிறது. 1975இல் ஃபெயார் அண்ட் லவ்லி என்ற வெளுப்புக் கிறீம் இந்தியச் சந்தைக்கு வந்தது. அதே ஆண்டில் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன், ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினோயின், ஸ்டீராய்டு மூன்றையும் சேர்த்துத் தோல் நிறத்தைக் குறைக்கும் மருந்தொன்றை இன்னொருவருடன் சேர்ந்து வெளியிட்டார். அதே ஆண்டில்தான், ஹைட்ரோகுயினோன் பூசிய தென்னாபிரிக்கப் பெண்களின் கன்னத்தில் நீலக்கறுப்புப் படை ஏறியதும் மருத்துவ இதழில் பதிவானது. ஆக, மருந்தும் அதன் கேடும் ஒன்றாகவே தெரியவந்தன. ஆனாலும் மருத்துவர் சீட்டில்லாமல் ஸ்டீராய்டுக் களிம்பு விற்பதை இந்தியா தடுக்க 2018 ஆயிற்று.

விரும்பி வாங்கியவர்தானே பொறுப்பு என்பார்கள். ஆனால் ஸ்டீராய்டு முதலில் முகத்தைப் பளிச்சென்று காட்டும். நிறுத்தினால் சிவந்து எரியும். அதை அடக்க மறுபடி அதையே பூசுவார்கள், தோல் மெலிந்து இரத்த நாளங்கள் தெரியத் தொடங்கும். மட்டக்களப்பு மாவட்டத்துப் பனிச்சங்கேணிக் களப்பில் வெயிலில் நிற்பவருக்கு அந்த மெலிந்த தோல் இன்னும் மோசம். பனிச்சங்கேணிக் களப்பில் வெயிலில் நிற்பவருக்கு அந்த மெலிந்த தோல் இன்னும் மோசம். தெரியாத சரக்குக்கு விருப்பம் எப்படிச் சாட்சியாகும்? பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச மினமாட்டா உடன்படிக்கை பாதரசக் கிறீம்களுக்கு 2020ஐ எல்லையாக வைத்தது வாங்குவோரைத் திருத்த அல்ல, தயாரிப்பையும் ஏற்றுமதி இறக்குமதியையும் நிறுத்தத்தான்.