இடுப்பில் கட்டிய மின்சாரம்

திருப்பூரில் பிசியோதெரபி பார்ப்பவளுக்கு முதுகுவலிக்காரர்களுக்குப் பஞ்சமே வராது. பவர் டேபிளில் குனிந்து தைப்பவர்கள், நாள் முழுக்க நின்று அயர்ன் போடுபவர்கள், பண்டல் தூக்குபவர்கள் எல்லாம் ஷிஃப்ட் முடிந்த கையோடு வருவார்கள். அவர்களில் பலர் பையிலிருந்து ஒரு பெல்ட்டை எடுத்து என் மேசைமேல் வைக்கிறார்கள். கறுப்புத் துணி, உள்ளே அதிரும் சின்ன மோட்டார்கள், சூடேறும் பட்டை, சார்ஜ் போட ஒரு வயர். மகனோ மருமகளோ ஆன்லைனில் வாங்கிக் கொடுத்திருப்பார்கள். "மேடம், இதைப் போட்டாச் சரியாப் போயிருமுங்களா?" என்பதுதான் கேள்வி.

இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் இதே கேள்வியை லண்டனிலும் பாரிஸிலும் நியூயார்க்கிலும் 170 வருஷமாகக் கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்களில் உலகப் புகழ் பெற்ற எழுத்தாளர்களும் உண்டு. அந்தக் கதை தெரிந்தால், பெல்ட் வந்த அட்டைப்பெட்டியில் அச்சடித்திருப்பதை நாம் படிக்கும் விதமே மாறிவிடும்.

1800இல் வோல்டா தன் மின்னடுக்கை அறிவித்தார். இரண்டு வேறு உலோகத் தகடுகள், நடுவில் உப்புநீரில் நனைத்த துணி அல்லது அட்டை. இப்படி அடுக்கிக்கொண்டே போனால் மின்சாரம் வரும். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே செத்த தவளையின் கால் மின்சாரத்தில் துடிப்பதை கால்வானி காட்டியிருந்தார். தசை மின்சாரத்துக்கு அசைகிறது என்றால், பிடித்துக்கொண்ட தசையை மின்சாரத்தாலேயே விடுவிக்கலாமே என்ற எண்ணம் வந்ததில் ஆச்சரியமில்லை. லண்டன் கைஸ் மருத்துவமனையில் 1836 முதலே மின்சிகிச்சைக்கென்று தனி அறை இருந்தது. கோல்டிங் பேர்ட் என்ற மருத்துவர் அதைப் பொறுப்பாக நடத்தினார். எந்த நோயாளிக்கு மின்சாரம் உதவுகிறது, எவருக்கு உதவவில்லை என்று குறித்து வைத்துப் பார்த்தவர் அவர்.

மருத்துவமனை அறைக்குள் இருந்த அந்த மின்சாரத்தை உடம்பில் கட்டிக்கொள்ளும் பொருளாக மாற்றியவர் ஐசக் லூயிஸ் புல்வெர்மாக்கர். பிரஷ்யாவிலிருந்து வந்த கருவி வல்லுநர். 1850 வாக்கில் அவர் கொண்டுவந்த 'நீர்மின் சங்கிலி'யின் அமைப்பு எளிமையானது. சிறிய மரத்துண்டு ஒன்றின்மேல் செம்புக் கம்பியும் துத்தநாகக் கம்பியும் ஒன்றையொன்று தொடாமல் சுற்றப்பட்டிருக்கும். ஒரு துண்டின் துத்தநாகம் அடுத்த துண்டின் செம்போடு கொக்கியில் மாட்டிக்கொள்ளும். சங்கிலியை வினிகரில் முக்கினால் மரம் அதை உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு துண்டும் ஒரு மின்கலம் ஆகிவிடும். துண்டுகளைக் கூட்டக் கூட்ட மின்னழுத்தம் கூடும். நீளமான சங்கிலியின் இரு முனைகளையும் தொட்டால் கை சுரீர் என்று இழுக்கும். ஆக அது வெறும் ஏமாற்றுப் பொருள் அல்ல, வேலை செய்த மின்கருவிதான்.

வில்லங்கம் விளம்பரத்தில் தொடங்கியது. பேர்ட் அந்தக் கருவியைப் பார்த்து, மருத்துவர்களுக்குக் கையடக்கமான மின்கலமாகப் பயன்படும் என்று 1851இல் அறிமுகக் கடிதம் ஒன்று கொடுத்தார். புல்வெர்மாக்கர் அதைப் பொதுமக்களுக்கான விளம்பரத்தில் போட்டுக்கொண்டார். வாதம், நரம்புவலி, இடுப்புவலி என்று எல்லாவற்றுக்கும் சங்கிலியே மருந்து, அதற்குக் கைஸ் மருத்துவமனை டாக்டரே சாட்சி என்பதுபோல. பேர்ட் கொதித்துப்போய் 1853இல் வழக்குப் போடுவேன் என்று எச்சரித்தார். ஒரு மருத்துவர் ஒரு கருவியைப் பற்றி அளவோடு சொன்ன சொல், விற்பவர் கையில் எப்படி ஊதிப் பெருக்கிறது என்பதற்கு இதுவே முதல் பாடம். இன்றைய பெட்டியின்மேல் 'மருத்துவர்கள் பரிந்துரைக்கும்' என்று பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பேர்ட் ஞாபகம்தான் வரும்.

சங்கிலி நன்றாக விற்றது. ஃப்ளோபேரின் 'மதாம் பொவாரி' நாவல் 1857இல் புத்தகமாக வந்தபோது, அதில் வரும் மருந்துக்கடைக்காரர் ஓமே இந்தச் சங்கிலியைத் தானே உடம்பில் சுற்றிக்கொள்கிறார். புதுமை என்றால் எதையும் நம்பிவிடும் அரைகுறைப் படிப்பாளியைக் காட்ட ஃப்ளோபேருக்கு இந்தப் பெயரே போதுமானதாக இருந்தது. சார்ல்ஸ் டிக்கன்ஸோ கதைக்காக அல்ல, தன் வலிக்காகவே இதை நாடினார். காலில் வீக்கமும் வலியுமாக அவதிப்பட்டுக்கொண்டிருந்த அவருக்கு ஒரு நடிகை சங்கிலியைச் சிபாரிசு செய்தார். கட்டாயம் போட்டுப் பார்க்கிறேன் என்று 1870 மே கடைசியில் அவர் பதில் எழுதினார். ஜூன் 9ஆம் தேதி இறந்துபோனார். சங்கிலி அவரைக் கொல்லவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை. வலி வந்தால் எவ்வளவு பெரிய அறிவாளியும் பக்கத்தில் இருப்பவர் சொன்னதை முயன்று பார்ப்பார் என்பதைத்தான் இது சொல்கிறது. என்னிடம் வருபவர்களை நான் கேலி செய்யாததற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்த தலைமுறை வியாபாரி கார்னீலியஸ் பென்னட் ஹார்னஸ். 1880களில் லண்டன் ஆக்ஸ்போர்டு தெரு 52ஆம் எண் கட்டடத்தில் அவருடைய 'மெடிக்கல் பேட்டரி கம்பெனி' நடந்தது. வினிகரில் முக்கும் தொல்லையை இவர் ஒழித்துவிட்டார். துணிப் பட்டையில் செம்பு, துத்தநாக வில்லைகளைத் தைத்து, உடம்பு வியர்வையே போதும், மின்சாரம் தானாகப் பாயும் என்றார். பத்திரிகையைத் திறந்தால் இவருடைய 'எலக்ட்ரோபதிக் பெல்ட்' முழுப்பக்கத்தில் நிற்கும். பொறியாளர்கள் சோதித்தபோது சொல்லிக்கொள்ளும்படி மின்சாரம் எதுவும் உடம்புக்குள் போகவில்லை என்று தெரிந்தது. வியர்வையால் துளி மின்னோட்டம் பிறந்தாலும் அது தோலின் மேலேயே முடிந்துவிடும். இடுப்புத் தசைவரை போவதற்கு வழியில்லை. புல்வெர்மாக்கரின் கருவியில் மின்சாரமாவது இருந்தது. ஹார்னஸின் பெல்ட்டில் அதன் பெயர் மட்டுமே மிஞ்சியது. 1893இல் பத்திரிகைகள் அம்பலப்படுத்தின, விவகாரம் நீதிமன்றம் ஏறியது, கம்பெனி கவிழ்ந்தது.

அந்தக் கட்டடத்தின் பெயர்ப் பலகையில் இன்னொரு பெயரும் இருந்தது: 'ஸாண்டர் நிலையம்'. குஸ்தாவ் ஸாண்டர் ஸ்வீடன் மருத்துவர். 1865இல் ஸ்டாக்ஹோமில் இயந்திர உடற்பயிற்சி நிலையம் ஒன்றைத் தொடங்கியவர். எடைகளும் நெம்புகோல்களும் வைத்து, யாருக்கு எவ்வளவு பயிற்சி என்று அளந்து கொடுப்பது அவர் முறை. சில இயந்திரங்களை நோயாளி தன் பலத்தில் அசைக்க வேண்டும். வேறு சில நீராவி இயந்திரத்தால் ஓடி, உட்கார்ந்திருப்பவரின் முதுகைத் தட்டும், பிசையும், அதிரவைக்கும். இன்று பெல்ட்டுக்குள் இருக்கும் மோட்டாருக்குக் கொள்ளுத்தாத்தா அந்த நீராவி இயந்திரம்தான். 1880களில் மார்ட்டிமர் கிரான்வில் என்ற ஆங்கில மருத்துவர் மின்கலத்தால் அதிரும் கைக்கருவி ஒன்றை வலிக்காக உருவாக்கினார். பெரிய கூடம் நிறைய நின்ற இயந்திரத்தின் வேலை இப்படிக் கைக்குள் அடங்கியது. ஸாண்டர் முறையில் நோயாளி தானே உழைக்கும் பாதி இருந்ததை மட்டும் பெல்ட் வியாபாரிகள் வசதியாக மறந்துவிட்டார்கள்.

ஹார்னஸின் கடை கவிழ்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1894இல், அதே லண்டனில் நடந்த ஒன்று என் தொழிலுக்குப் பிறந்தநாள். மசாஜ் என்ற போர்டு மாட்டிக்கொண்டு சில இடங்களில் விபசாரம் நடப்பதாக பிரிட்டிஷ் மருத்துவ இதழ் எழுதி ஊரே பேசிக்கொண்டிருந்தது. நீவிவிடும் வேலையை முறையாகக் கற்ற நான்கு பெண்கள் தங்கள் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு சங்கம் அமைத்தார்கள். லூசி ராபின்சன், ரோசலிண்ட் பேஜெட், எலிசபெத் மான்லி, மார்கரெட் பால்மர். தேர்வு உண்டு, விதிமுறை உண்டு, மருத்துவர் அனுப்பினால்தான் சிகிச்சை. அந்தச் சங்கமே 1920இல் அரச சாசனம் பெற்று, 1944இல் பிசியோதெரபி சங்கம் என்ற பெயருக்கு மாறியது. பெல்ட் விற்றவர் யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. கையால் நீவியவர்களோ தாங்கள் கண்ணியமானவர்கள், படித்தவர்கள் என்று ஒவ்வொரு நாளும் நிரூபிக்க வேண்டியிருந்தது.

லண்டனில் அடிவாங்கிய பெல்ட் அமெரிக்காவில் செழித்தது. 1902ஆம் ஆண்டு சியர்ஸ் தபால் விற்பனைப் பட்டியலில் 'ஹைடல்பெர்க் மின்பெல்ட்' 18 டாலருக்கு இருந்தது. ஜெர்மானியப் பல்கலைக்கழக ஊரின் பெயர் வைத்தால் அறிவியல் வாசனை வரும் அல்லவா? 1906இல் அங்கே வந்த உணவு, மருந்துச் சட்டம் புட்டிக்குள் இருந்த மருந்தைக் கேள்வி கேட்டது, கருவிகளைத் தொடவில்லை. கருவிகளும் சட்டத்துக்குள் வந்தது 1938இல்தான். விற்கும் முன்பே சில கருவிகள் தங்களை நிரூபிக்க வேண்டும் என்ற ஏற்பாடு வர 1976 ஆகிவிட்டது. நம் நாட்டில் எல்லா மருத்துவக் கருவிகளையும் மருந்துச் சட்டத்தின் கீழ் கொண்டுவரும் அறிவிப்பு 2020 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. சட்டம் எப்போதும் பெல்ட்டுக்குப் பின்னால்தான் ஓடிவந்திருக்கிறது.

இத்தனை அம்பலத்துக்குப் பிறகும் பெல்ட் ஏன் சாகவில்லை? போட்டால் சுகமாக இருக்கிறது என்பதால்தான். அந்தச் சுகம் பொய்யில்லை. 1965இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் இருவரும் 'சயன்ஸ்' இதழில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். தொடுதல், அழுத்தம், அதிர்வு ஆகியவற்றைச் சுமந்து வரும் தடித்த நரம்பிழைகள், வலியைச் சுமந்து வரும் மெல்லிய இழைகளின் செய்தியை முதுகுத்தண்டிலேயே மட்டுப்படுத்துகின்றன. இடித்துக்கொண்ட முழங்கையை நாம் யோசிக்காமல் தேய்ப்பது இதனால்தான். இந்த விளக்கத்தின் நுணுக்கங்கள் பின்னால் திருத்தப்பட்டாலும் அடிப்படை நிலைத்தது. அதிலிருந்துதான் தோல்வழி மின்துடிப்புக் கருவிகள் மருத்துவமனைக்குள் மரியாதையோடு வந்தன. அதிர்வு நின்றால் சுகமும் சிறிது நேரத்தில் போய்விடும் என்பதையும் இதே விளக்கம்தான் சொல்கிறது.

சூட்டின் கதை இதைவிட உறுதியானது. புதிதாக வந்த இடுப்புப் பிடிப்புக்கு வெப்பம் தரலாம் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. தவிட்டையும் உப்பையும் வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்த நம் பாட்டிகளுக்கு இதைச் சொல்ல யாரும் தேவைப்படவில்லை. ஆயிரங்களில் விலை போட்ட பெல்ட்டில் நம்பத்தகுந்த பகுதி எது என்று கேட்டால், அந்தச் சூடேறும் பட்டையைத்தான் காட்டுவேன்.

இறுக்கிக் கட்டும் பெல்ட்டுகளுக்கு இந்த அதிர்ஷ்டம்கூட இல்லை. ஆரோக்கியமான தொழிலாளிக்கு அவை காயத்தைத் தடுப்பதாகச் சான்றில்லை என்று அமெரிக்கத் தொழில்நலக் கழகம் 1994இல் சொன்னது. பிறகு 160 கடைகளில் சுமை தூக்குபவர்களிடம் நடத்தி 2000இல் வெளியிட்ட பெரிய ஆய்விலும், பெல்ட் கட்டியவர்களுக்கு முதுகுவலி குறையவில்லை. 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்பட்ட இடுப்புவலிக்கென்று வழிகாட்டுதல் வெளியிட்டபோது உடற்பயிற்சியையும் கையால் செய்யும் சிகிச்சைகள் சிலவற்றையும் ஏற்றது. இடுப்புப் பெல்ட்டுகளை வழக்கமான சிகிச்சையாக வேண்டாம் என்றது. படுத்த படுக்கையாக ஓய்வெடுக்கும் பழைய அறிவுரையும் இதற்குள் போய்விட்டது. ஹெல்சிங்கி நகர ஊழியர்களிடம் நடத்தி 1995இல் வெளியிட்ட ஆய்வில், படுத்துக் கிடந்தவர்களைவிட முடிந்த அளவு தம் வேலையைப் பார்த்தவர்களே சீக்கிரம் தேறினார்கள்.

ஆகவே மேசைமேல் வைக்கப்படும் பெல்ட்டை நான் குப்பையில் போடச் சொல்வதில்லை. பதினைந்து இருபது நிமிடம் சூட்டுக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வலி தணிந்த அந்த நேரத்தில் எழுந்து நடங்கள், சொல்லிக்கொடுத்த பயிற்சியைச் செய்யுங்கள். பெல்ட்டோடு தூங்கிவிடாதீர்கள். சர்க்கரையால் தோல் மரத்தவர்கள் சூட்டையும், பேஸ்மேக்கர் வைத்தவர்கள், கர்ப்பிணிகள் மின்துடிப்பையும் மருத்துவரைக் கேட்காமல் தொடவேண்டாம். ஜவ்வை உள்ளே தள்ளும், எலும்பை நிமிர்த்தும், வேரோடு குணமாக்கும் என்று பெட்டியில் எழுதியிருந்தால் அது ஹார்னஸின் விளம்பரம், தமிழில் வந்திருக்கிறது, அவ்வளவுதான். கால் மரத்துப்போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் போனாலோ, சிறுநீர், மலக் கட்டுப்பாட்டை இழந்தாலோ எந்தப் பெல்ட்டையும் தேடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.