பனிவண்டியும் இழுத்துவிடும் கைகளும்



அண்டார்டிகாவை முதன்முதலில் தரைவழியாகக் கடந்தது விவியன் ஃபுக்ஸ் குழு. 1957 நவம்பர் 24-இல் கிளம்பி, தென் துருவம் தொட்டு, 1958 மார்ச் 2-இல் மறுகரை சேர்ந்தார்கள். 99 நாள், சுமார் 3,470 கிலோமீட்டர். தலைவருக்குப் புகழ் கிடைத்தது. நான் சொல்ல வருவது வண்டியைப் பற்றி.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் டக்கர் நிறுவனம் செய்த 'ஸ்னோ-கேட்' அது. சக்கரத்துக்குப் பதில் மூலைக்கு ஒன்றாக நான்கு சங்கிலிப்பட்டைகள். அப்படிப்பட்ட வண்டியே, 'ராக் அண்ட் ரோல்' என்று பெயரிட்ட ஒன்று, பனிப்பிளவின் மேல் அந்தரத்தில் தொங்கியது. மற்ற வண்டிகள் இழுத்துத்தான் மீட்டன. கடைசியில் நான்கு ஸ்னோ-கேட்களும் ஊர் சேர்ந்தன.

இன்றும் அந்தப் பழைய வண்டிகளைத் தேடி வாங்கி, பழுதுபார்த்து, பனிக்காலத்தில் ஒன்றுகூடி ஓட்டும் ஆர்வலர்கள் அங்கே உண்டு. சிக்கல் வீடு திரும்பும்போதுதான். பனிக்கென்று செய்த வண்டி தார்ச்சாலைக்கு ஆகாது. டிரெய்லரில் ஏற்ற வேண்டும். வழியில் டயர் வெடித்தாலோ, கட்டிய சங்கிலி தளர்ந்தாலோ, கூட வந்தவர்தான் துணை.

பாதையே இல்லாத கண்டத்தைக் கடந்த வண்டிக்கும் இழுத்துவிட ஆள் வேண்டியிருந்தது. வரலாறு படிக்கும்போது அந்த ஆட்களையும் தேடுங்கள், பிள்ளைகளே.