பத்திரத்தில் எழுதிய ஆறு

1974-ஆம் வருஷம் வெளிவந்த 'சைனாடவுன்' என்னும் அமெரிக்கப் படத்தை, இருண்ட துப்பறியும் படங்களுள் தலையாயது என்று கொண்டாடுகிறவர்கள், ரோமன் போலன்ஸ்கியின் டைரக்ஷனையும் ஜாக் நிக்கல்சனின் நடிப்பையும் குறித்து ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். ஆயினும் அதில் நடக்கும் கொலைக்கும் கபடத்துக்கும் அடியில் ஓடுவது ஒரு நகரத்தின் தண்ணீர்த் தாகம் என்பதை, மேற்கு மலையின் மழை மறைவில் குடியிருந்து, மேகம் சிகரத்துக்கு அப்பாலேயே பெய்து தீர்ந்துவிடுவதைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்திருக்கும் போடிநாயக்கனூர்க்காரன் உணர்கிற மாதிரி மற்றொருவன் உணர்வது அரிது.

ஊரெங்கும் வறட்சி என்று கூக்குரலிடும் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில், இரவு வேளையில் தண்ணீர் ரகசியமாகத் திறந்து விடப்படுவதைக் காணும் கிட்டிஸ் என்ற துப்பறிவாளன், பத்திரப் பதிவேடுகள் உள்ள காரியாலயத்துக்குச் சென்று, முகங்கொடுத்துப் பேசாத குமாஸ்தாவிடம் ஓர் அடிக்கோலை இரவல் வாங்கி, பேரேட்டின் தாள்மேல் அதை வைத்து அழுத்தி, பலமாக ஓர் இருமல் இருமி, அந்தச் சத்தத்துக்குள்ளே தாளைக் கிழித்து எடுத்துக்கொள்கிறான். கிரயத்துக்கு வாங்கியவர்களாக அதில் எழுதப்பட்டிருப்பவர்கள், தம் பேரில் இவ்வளவு பூமி இருக்கிறதென்று அறியாமலே முதியோர் விடுதியில் காலந்தள்ளும் கிழங்கள். பினாமி என்றால் என்ன என்று நம் ஜனங்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

திரைக்கதை எழுதிய ராபர்ட் டவுன் இதை ஆகாயத்திலிருந்து பறிக்கவில்லை. ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் ஆற்றை 233 மைல் கால்வாய் வழியாக நகரத்துக்குக் கொண்டுவந்து 1913 நவம்பரில் திறந்தவர் வில்லியம் மல்ஹாலந்து என்ற இன்ஜினீயர். வயல் காய்ந்த பள்ளத்தாக்குவாசிகள் 1924-இல் அக்கால்வாயை வெடி வைத்துத் தகர்த்ததும் சரித்திரமே. படம் அந்தக் கதையை ஒரு தலைமுறை தள்ளி 1937-இல் நிறுத்துகிறது. கதாசிரியனுக்கு அந்தச் சுதந்திரம் உண்டு.

போடியில் ஏலக்காய் மண்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவர், படம் பாதி ஓடும்போதே, "ஏண்ணே, இது நம்ம பெரியாத்துக் கதையில்ல?" என்றார். பாதி நியாயம். மேற்கே பாய்ந்து அரபிக் கடலில் கலக்கும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பி வைகையில் விடலாம் என்ற எண்ணம் பழையது. 1789-இலேயே ராமநாதபுரம் சமஸ்தானத்துப் பிரதானி முத்திருளப்ப பிள்ளை பன்னிரண்டு பேரை மலைக்கு அனுப்பிப் பார்த்து, முடியும் என்று அறிந்தும், பணமின்றிக் கைவிட்டார். 1876 முதல் 1878 வரை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்துக்குப் பின்னரே சென்னை சர்க்கார் முனைந்தது. 1886 அக்டோபர் 29-ஆம் தேதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தாரோடு எழுதிக்கொண்ட பத்திரத்தில், 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய் வீதம், 999 வருஷக் குத்தகைக்கு விடப்பட்டது. மலைஜுரத்துக்கும் காட்டு வெள்ளத்துக்கும் கூலியாட்கள் பலரைப் பலிகொடுத்து, சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்து ஜான் பென்னிகுக் எழுப்பிய அணையின் தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே 1895 அக்டோபரில் இறங்கிற்று.

ஆக, கிட்டிஸ் இருமிக் கிழிக்க வேண்டியதொன்றும் இங்கே இல்லை. எல்லாம் கையெழுத்தோடும் முத்திரையோடும் பட்டப்பகலில் நடந்தது. அப்படியிருந்தும் வழக்கு ஓயவில்லை என்பதே எனக்கு விசித்திரமாகப் படுகிறது. ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்தால் துப்பறியும் கதை முடிந்துவிடும். இரு தரப்பாரும் மனப்பாடமாக அறிந்த சாசனத்தைப் பற்றிய வியாஜ்யத்துக்கு அப்படியொரு கடைசிக் காட்சி வாய்ப்பதில்லை. 1956-இல் மொழிவாரி மாகாணம் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் உடும்பன்சோலையும் கேரளத்தோடு சேர, அணை அங்கும் அதன் தண்ணீர் இங்குமாயிற்று. 1970-இல் குத்தகை ஏக்கருக்கு 30 ரூபாயானது. நீர்மட்டத்தை 142 அடி வரை உயர்த்தலாம் என்று 2014 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது.

பென்னிகுக் தம் மனைவியின் நகைகளையும் சொத்துக்களையும் விற்று அணையைக் கட்டி முடித்தார் என்று கம்பம் பள்ளத்தாக்கில் ஒவ்வொரு டீக்கடையிலும் சொல்வார்கள். சர்க்கார் செலவில் நடந்த வேலைக்கு இந்தக் கதை எப்படி ஒட்டிக்கொண்டது என்று துப்பறியப் புகுவது வீண் வேலை. படத்துக்கு மாலையிட்டு, ஜனவரி 15-ஆம் தேதி அவர் பிறந்த நாளில் பொங்கலிடுகிற குடியானவனுக்கு ரசீது தேவைப்படவில்லை.

போடிக்காரனுடைய சங்கடமோ, வழக்காடும் இரு மாநிலங்களின் கட்சியிலும் அடங்காது. அவன் வீடும் மண்டியும் அடிவாரத்தில்; ஏலத் தோட்டமோ, போடிமெட்டு ஏறி எல்லை கடந்தால் கேரளத்தில். நிழலும் ஈரமும் வேண்டும் ஏலச்செடி மலைக்கு மேலே இருக்க, அதன் காய் சாக்குகளில் கீழே இறங்கி ஏல விற்பனைக்கு வருகிறது. களையெடுக்கும் பெண்கள் விடியுமுன்னே ஜீப்பில் நெருக்கியடித்து மேலே போகிறார்கள். 2011 டிசம்பரில் அணைப் பூசல் முற்றியபோது, காய் பறிக்கப் போக முடியாமல் ஜீப்புகள் நின்றன. தோட்டங்களிலிருந்து தமிழ்க் கூலிக் குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு இறங்கி வந்தன. தண்ணீரில் ஒரு கட்சியும் ஜீவனத்தில் மறு கட்சியுமாக நிற்கிறவன் யார் மேல் பிராது கொடுப்பான்?

இத்தனைக்கும், சுரங்கத்திலிருந்து இறங்கிய தண்ணீர் கம்பத்தை நனைத்து மேலூர் வரை சென்ற காலமெல்லாம், போடி நகரம் குரங்கணி மலையிலிருந்து வரும் கொட்டகுடி ஆற்றையே நம்பிக் கிடந்தது. வெகுகாலங் கழித்துப் பதினெட்டாம் கால்வாய் வெட்டிய பிறகுதான் உத்தமபாளையம், போடி வட்டாரத்துக் கண்மாய்களுக்குப் பெரியாற்றுத் தண்ணீரில் பங்கு கிடைத்தது. அதையும் இந்த வருஷம் எப்போது திறப்பார்கள் என்று கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுதுகிற வேலை விவசாயிகளுக்கு மிஞ்சியிருக்கிறது.