சேமோ பிறந்த கதை

1978. நியூயார்க்கின் சோஹோ பகுதியில் ஓவியக் காட்சிக்கூடங்களைச் சுற்றியுள்ள சுவர்களில், ஸ்ப்ரே பெயின்டில் குத்தலான வாசகங்கள் முளைத்தன. ஒவ்வொன்றோடும் ‘சேமோ’ என்ற பெயர், பக்கத்தில் காப்புரிமைக் குறி. ‘அதே பழைய குப்பை’ என்கிற அர்த்தத்தில் வரும் ஆங்கிலப் பேச்சின் சுருக்கம் அது. எழுதியவர்கள் பள்ளித் தோழர்கள் இருவர்: 17 வயது ழான்-மிஷேல் பாஸ்கியாவும் அல் டயஸும்.

அந்தக் காலத்தில் மற்ற பையன்கள் ரயில் பெட்டிகளில் தங்கள் பெயரை வண்ண வண்ணமாக வரைந்துகொண்டிருந்தார்கள். இவர்கள் எழுதியதோ, ஓவியம் வாங்கி விற்பவர்கள் தினமும் நடக்கும் தெருவில். படிக்காமல் தாண்டிப்போக முடியாது. அங்கேதான் பாதி வெற்றி.

1979இல் நண்பர்கள் பிரிந்தார்கள். ‘சேமோ செத்துவிட்டது’ என்று சுவர்களே அறிவித்தன. ஆனால் பெயர் சாகவில்லை. 1981இல் இத்தாலியின் மோதெனா நகரில் பாஸ்கியாவின் முதல் தனிக் கண்காட்சி நடந்தபோது, அது ‘சேமோ’ பெயரில்தான் நடந்தது. அடுத்த வருடம் நியூயார்க்கில் அன்னினா நோசேயின் காட்சிக்கூடத்தில் கண்காட்சி. அந்தக் கூடத்தின் நிலவறையில்தான் பாஸ்கியா வரைந்துகொண்டிருந்தார். அதே 1982இல், 21 வயதில், ஜெர்மனியின் டாக்குமென்டா கண்காட்சி.

கேன்வாஸுக்கு வந்தபிறகும் அவர் எழுத்தை விடவில்லை. ஒரு சொல்லை எழுதுவார், குறுக்கே கோடு கிழித்து அடிப்பார். அடித்த சொல்மேல்தான் கண் முதலில் போய் நிற்கும். காட்சிக்கூடம் கற்றுக்கொடுத்த வித்தை இல்லை இது. எழுதுவதும் அழிபடுவதுமான தெருச்சுவரின் பழக்கம் என்றே நான் நினைக்கிறேன். 1988இல், 27 வயதில், போதைமருந்து அவரைக் கொண்டுபோனது. அவர் 1982இல் வரைந்த மண்டையோட்டு ஓவியம் ஒன்று 2017இல் 11.05 கோடி டாலருக்கு ஏலம் போனது.

நம் பக்கமும் சுவர் கலையாகியிருக்கிறது. 2020இல் சென்னை கண்ணகி நகர்க் குடியிருப்புகளில் மாநகராட்சியின் துணையோடு ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை பெரிய ஓவியங்களைக் கொண்டுவந்தது. சென்னையின் கிராஃபிட்டி கலைஞர் ஏ-கில் அங்கே வரைந்தவர்களில் ஒருவர்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருந்து இதை எழுதும் எனக்கு ஒரு ஆசை உண்டு. தேர்தலுக்குத் தேர்தல் கட்சிக்காரர்கள் பிடித்து வைக்கும் சுவர்களில், அளவு பிசகாமல் ஆளுயர எழுத்து எழுதிய ஓவியர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். ஃப்ளெக்ஸ் வந்து அவர்கள் பிழைப்பைக் கெடுத்தது. சேலம் மாநகராட்சி அவர்களுக்குச் சில நல்ல சுவர்களைக் கொடுக்கட்டும், கூலியோடு. என்ன எழுதுவது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.